அன்னலட்சுமிக்கு ஓர் அரைநாள்

திருகோணமலையில் உட்துறைமுகத்தை நோக்கி இறங்கும் அந்தக் குறுகிய ஒழுங்கையில் சாவது மிகவும் வசதியானது. ஒருவர் மூச்சை விட்ட இருபதாவது நிமிடத்தில் முற்றத்தில் தறப்பாள் ஏறிவிடும். நாற்பது பிளாஸ்டிக் கதிரைகள் வரும். பெரிய கேத்தல் வரும், அதன் பின்னாலேயே தேயிலையும் சீனியும் வரும். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் எட்டாம் நாள் எட்டுச்செலவு முடியும்வரை அயல்வீடுகள் முறைபோட்டுச் சோறு கொண்டுவரும். வீட்டுக்காரர் தனியே இருந்து யோசித்துவிடக் கூடாதென்று எந்நேரமும் பத்துப் பேராவது கூட இருப்பார்கள்.

இவ்வளவையும் ஒழுங்குபடுத்துவது மரணாதார சங்கம். அதன் யாப்பில் முப்பத்திரண்டு விதிகள் உண்டு. உயிரோடிருப்பவர்களைப் பற்றி ஒரு விதியும் இல்லை. இதைக் குறையாகச் சொல்ல முடியாது. சங்கத்தின் பெயரிலேயே விடயம் தெளிவாக இருக்கிறது.

அந்த யாப்பை எழுதியவர் ஞானசேகரம். இங்கே சொல்லப்படுவது அவருடைய வரலாறு அல்ல, அவருடைய மனைவி அன்னலட்சுமியின் வரலாறு. ஆனால் கடந்த ஆறு வருடங்களாக அன்னலட்சுமிக்கென்று தனியாக வரலாறு எதுவும் நடக்கவில்லை. ஆகவே ஞானசேகரத்தில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஞானசேகரம் துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தவர். இருபத்து மூன்று வருடம் சங்கத்தின் செயலாளர். ஒழுங்கையில் ஒரு சாவு விழுந்தால், வெள்ளைச் சேட்டுப் போட்டு, பித்தளைக் கைமணியை எடுத்துக்கொண்டு இறங்குவார். மூன்று தரம் அடித்து, இன்னார் காலமானார், இன்ன வீடு, அங்கத்தவர்கள் உடன் வரவும் என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போவார். அந்த மணி ஒருநாளும் பிழையாக அடித்ததில்லை. டொக்டர் “முடிஞ்சுது” என்று சொன்ன பிறகும் தானே போய் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மணியைத் தொடுவார் என்று சொல்வார்கள். பிறகு கதிரவேல் செயலாளராக வந்தார், சாவுகள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. மணியைத் திருப்பித் தரும்படி யாரும் கேட்கவில்லை. அது ஞானசேகரம் வீட்டு அலுமாரியில், அன்னலட்சுமியின் நல்ல சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

ஞானசேகரத்தின் ஞாபகத்தில் இருந்து முதலில் போனது சாமான்களின் பெயர்கள். அடுத்ததாகப் போனது ஆட்களின் பெயர்கள். கனடாவில் இருக்கும் மகன் இராகுலன் போனான், கழிவறைக்குப் போகும் வழி போனது, கடைசியில் அன்னலட்சுமியும் போனார். அவரைச் சில நாளில் “நேர்ஸ்” என்றும் சில நாளில் “பிள்ளை” என்றும் அழைப்பார். நல்ல மனநிலையில் இருந்தால், “நீங்கள் எந்த டிப்பார்ட்மென்ட்?” என்று கேட்பார். மரியாதை மட்டும் போகவில்லை. அடிக்கக் கையோங்கும்போதுகூட நீங்கள் என்றுதான் சொல்வார்.

நாளும் காலை ஏழு மணிக்குக் கந்தோருக்குப் போகப் படலைக்கு வருவார். படலை பூட்டியிருக்கும். அந்தப் பூட்டின் திறப்பை அன்னலட்சுமி எங்கே வைத்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவதால், கடைசியில் தாலிக்கொடியிலேயே கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். திருமணத்தின் உட்கருத்தை இவ்வளவு தெளிவாக விளக்கிய ஆபரணம் திருகோணமலையில் வேறில்லை.

ஒரேயொரு முறை அன்னலட்சுமி அவரையும் கூட்டிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனார். சீட்டு எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஆளைக் காணவில்லை. மூன்று மணித்தியாலம் தேடியபின் துறைமுகக் கேற்றடியில் கண்டுபிடித்தார்கள். காவலுக்கு நின்ற பொடியனிடம், தான் வேலைக்குப் பிந்தியதற்கான காரணங்களை வரிசையாக விளக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அன்னலட்சுமி தூரமாக எங்கும் போகவில்லை.

அயலவர்கள் உதவி செய்யவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஆகவே ஆறு வருடமாக, கரைத்துக் குடிக்கும் மோல்ட் பெட்டிகளும் கிறீம் கிறாக்கர் பைக்கற்றுகளும் வந்தபடியே இருந்தன. ஒரு மோல்ட் பெட்டி குசினிக் கதவுக்கு அண்டக்கொடுக்கப்பட்டது, ஆட்டங்கண்ட அலுமாரிக் கால் இன்னொன்றின் மேல் நின்றது. கொண்டுவந்தவர்கள் கதிரை நுனியில் பத்து நிமிடம் இருந்து, வல்லாரைச் சம்பல் கொடுக்கச் சொல்லி, கோணேசருக்கு நேர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

“குடுத்து வைச்சனி அன்னம்,” என்பார் எதிர்வீட்டுப் பூரணம். “புருசனுக்கு இப்பிடிச் செய்யக் கிடைக்கிறதும் ஒரு புண்ணியம்தான்.”

“ஓம் அக்கா. ஒரு மணித்தியாலம் இருந்து நீங்களும் அந்தப் புண்ணியத்தில கொஞ்சம் எடுங்கோவன். நான் தலை முழுகிப்போட்டு வாறன்.”

“ஐயோ, அடுப்பில கறி!” என்று பூரணம் எழும்புவார். அந்தக் கறி ஆறு வருடமாக அடுப்பில் இருக்கிறது.

இராகுலன் ஞாயிறுதோறும் வீடியோவில் வருவான்.

“அம்மா, நான் அனுப்பினதைப் பாத்தனீங்களோ? பராமரிக்கிற ஆக்கள் தங்களையும் பராமரிக்க வேணுமெண்டு ஒரு டொக்டர் கதைக்கிறார். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் வெளியில நடந்திட்டு வரட்டாம்.”

“அந்த நேரம் அப்பாவை, தம்பி?”

“அப்பாவை ஆரும் பாக்கட்டும்.”

“ஓம் தம்பி,” என்றார் அன்னலட்சுமி. அந்த ஆரும் ஆரென்று மகனிடம் கேட்டால் அழைப்பு நீண்டுபோகும். ஞானசேகரம் பின்னால் படலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மாசி மாதத்தில் ஒருநாள், அவரைக் குளிக்கவார்க்கும் யுத்தம் முடிந்து அன்னலட்சுமி தானும் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டபோது, இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டது. பயறு அளவு. பங்குனியில் அது கச்சான் கடலைப் பருப்பாகியது. பக்கத்துத் தெரு டொக்டர் கையால் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பெரியாசுபத்திரிக்குக் கடிதம் எழுதினார். பேசுகிற டொக்டர் பேசாமல் எழுதியதுதான் அன்னலட்சுமிக்குப் பிடிக்கவில்லை.

முதல் திகதிக்குக் காவல் இருப்பதாகச் சொன்ன பூரணம், அன்று பேத்தியின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போய்விட்டார். இரண்டாம் திகதியன்று ஞானசேகரம் குசினியை உள்ளே பூட்டிக்கொண்டு மத்தியானம்வரை திறக்கவில்லை. தொலைபேசியில் மூன்றாம் திகதி கொடுத்த தாதி, இதையும் விட்டால் பெயர் அடிக்குப் போகும், நாலைந்து மாதம் ஆகலாம் என்றார். கட்டி அப்போது புளியங்கொட்டை அளவு. ஆவணிச் செவ்வாய், காலை எட்டு மணி. அன்னலட்சுமிக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஓர் அரைநாள்.

அவர் சங்கத்துச் செயலாளரிடமே போனார். ஞானசேகரத்தையும் கையில் பிடித்துக்கொண்டுதான்.

“கதிரவேல், செவ்வாய்க்கிழமை காலமை ஒரு ஆளை வீட்டில நிப்பாட்டித் தருவியளோ? சங்கத்தில எவ்வளவு பேர் இருக்கினம்.”

“என்ன விசயம் அக்கா?”

“ஆசுபத்திரியில சின்ன வேலை.”

சின்ன வேலை என்றுதான் சொன்னார். மார்பில் கட்டி என்பதை ஒரு தம்பியிடம் எந்தச் சொல்லால் சொல்வது?

கதிரவேல் உண்மையாகவே கவலைப்பட்டார். “சங்கத்து ஆக்களை அப்பிடிப் பாவிக்க யாப்பில இடமில்லை அக்கா. அண்ணன் எழுதின யாப்புத்தானே, ஒரு எழுத்தும் மாத்த விடமாட்டார்.” பிறகு ஆறுதலாக, “ஆனா ஒண்டு. அண்ணனுக்கு ஏதும் நடந்தால் ஒரு சத்தம் போடுங்கோ. இருவது நிமிசத்தில முழுப்பேரும் நிப்பம்.”

ஞானசேகரம் திருப்தியோடு தலையாட்டினார். கடைசியில் பூரணமே மறுபடியும் ஒத்துக்கொண்டார். பிள்ளையாரில் சத்தியம் வேறு.

செவ்வாய் காலை ஆறரைக்குப் பூரணத்தின் குரல் தொலைபேசியில் வந்தது. கால் பெருவிரல் வாசற்படியில் அடித்து வீங்கிவிட்டதாம், ஒரு அடி எடுத்து வைக்க ஏலாதாம். அன்னலட்சுமி “சரி அக்கா” என்றார். ஏழரைக்கு ஜெமீலின் ஓட்டோ வரும். குறிஞ்சாக்கேணியில் இருந்து வந்து ஆசுபத்திரி ஓட்டம் ஓடுகிற மனுசன், நேரம் தவறாதவர். என்ன செய்வதென்று தெரியாவிட்டாலும் வெளிக்கிடுவோம் என்று அன்னலட்சுமி ஆயத்தமானார்.

ஆசுபத்திரியில் மார்பைப் படம் எடுக்கிறபோது கழுத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தாலிக்கொடியைக் கழற்றி மேசையில் வைத்தார், திறப்போடு. அலுமாரியைத் திறந்து, இருந்ததில் நல்ல சேலையை எடுத்துக் கட்டிலில் விரித்துப் போட்டார். கிணற்றடிக்குப் போனார்.

கந்தோருக்குப் போகச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஞானசேகரம் அறை வாசலில் நின்றார். மேசையில் கழற்றிய தாலி. கட்டிலில் விரித்த சேலை. திறந்த அலுமாரி. ஆளைக் காணவில்லை. வேறு யாராக இருந்தாலும் இதில் ஒன்றும் விளங்காது. ஆனால் பார்த்தவர் இருபத்து மூன்று வருட அனுபவம் உள்ளவர். மகன் பெயர் தெரியாத அந்த மூளை, ஒரு சுமங்கலி செத்த வீட்டின் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிவுக்கு வந்தது. அலுமாரியின் அடித்தட்டில் மணி இருந்தது. மேசையில் திறப்பு இருந்தது.

கிணற்றடியில் தலையில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலால் அன்னலட்சுமிக்கு மணி கேட்டது. மூன்று தரம். பிறகு குரல், ஆறு வருடத்தில் ஒருமுறையும் தடக்காமல் ஒரு வசனம் பேசியிராத குரல்.

“அங்கத்தவர்களுக்கு அறியத் தருவது. முன்னாள் செயலாளர் ஞானசேகரத்தின் அன்பு மனைவி அன்னலட்சுமி இன்று காலமானார். அங்கத்தவர்கள் உடன் வரவும்.”

பொய் சொல்லாத மணி. வட்ஸ்அப்பைப் பார்க்காமலே ஒழுங்கை எழும்பியது. கதிரவேலின் ஆட்கள் தறப்பாளோடு வந்தார்கள். கதிரைகள் வந்தன. ஒரு அடி எடுத்து வைக்க ஏலாத பூரணம் எல்லோருக்கும் முன்னால் தலைவிரி கோலமாக ஓடிவந்தார்.

“என்ர ராசாத்தீ! இண்டைக்கு வாறன் எண்டு சொன்னனானே! என்னைக் காணாமல் போயிட்டியே!”

இந்த இடத்தில்தான் அன்னலட்சுமி தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு கிணற்றடியில் இருந்து வந்தார். தறப்பாளின் மூன்று மூலைகள் கட்டியாகிவிட்டன. நாலாவது கயிற்றைப் பிடித்திருந்தவர் அதை விடுவதா கட்டுவதா என்று தெரியாமல் நின்றார்.

கதிரவேல்தான் முதலில் வாயைத் திறந்தார். “அக்கா... இருக்கிறியளோ?”

“ஓம்.”

“பூரணமக்கா, அழுறதை நிப்பாட்டுங்கோ. ஆள் இருக்கிறா.”

“அதைப் பேந்து சொல்லு! வந்த அழுகையை எங்க கொண்டு போறது?” என்று பூரணம் மூக்கைச் சீறினார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வேலைக்குப் பிந்திவிட்டது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவில்லை, விசர்பிடித்த மனுசனின் கையில் மணியைக் கொடுக்கலாமா. அதில் ஒருவித ஏமாற்றமும் இருந்தது. கதிரவேல் கையைக் காட்டினார். “சரி, கழட்டுங்கோ.”

“கழட்ட வேண்டாம்,” என்றார் அன்னலட்சுமி.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழு இருபது.

“என்ர மார்பில கட்டி. ஏழு மாசமா இருக்கு. ரெண்டு திகதி விட்டிட்டன், இண்டைக்குப் போகாட்டி இனி எப்பவெண்டு தெரியாது. நான் செத்தால் எட்டு நாள் இருப்பியள்தானே? அதில ஒரு அரைநாளை இப்ப தாங்கோ. மிச்சத்தைப் பேந்து பாப்பம்.”

நாலாவது கயிறு கட்டப்பட்டது. வெளியே ஜெமீல் தறப்பாளைக் கண்டு ஓட்டோவை மெதுவாக நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். தான் ஏற்றிப்போக வந்த அம்மா தானே நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, “ஏறுங்கம்மா,” என்றார். “யாருடைய மையித்துக்கு இந்தத் தறப்பாளெண்டு நான் கேக்கமாட்டேன்.”

அந்த அரைநாளில் வீட்டில் நடந்ததைப் பூரணம் பிறகு பலதடவை சொன்னார். ஞானசேகரம் இவ்வளவு நன்றாக இருந்து யாரும் பார்த்ததில்லையாம். கதிரைகளை வரிசைப்படுத்தினார். ஆண்களை இந்தப் பக்கம், பெண்களை அந்தப் பக்கம் இருத்தினார். யாருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை என்று கேட்டார். பிரேதம் எங்கே என்று அவர் கேட்டபோது எல்லோரும் விழித்தார்கள். கதிரவேல் மட்டும், “ஆசுபத்திரியில அண்ணன், மத்தியானம் கொண்டுவருவினம்” என்றார். விதிப்படி சரியான பதில். ஞானசேகரம் அமைதியாக உட்கார்ந்தார். படலை நாள் முழுவதும் திறந்தே கிடந்தும் அவர் கந்தோருக்குப் போகவில்லை. மனைவி செத்தால் லீவு உண்டு.

மத்தியானம் ஒரு மணிக்கு அன்னலட்சுமி வந்தார். படம் எடுத்து, ஊசியால் குத்திச் சதை எடுத்து, மூன்று கிழமையில் முடிவு என்று சொல்லியிருந்தார்கள். குத்திய இடம் நொந்தது. படலையடியில் ஞானசேகரம் எழுந்து, இரண்டு கையையும் கூப்பினார்.

“வாங்கோ. நீங்கள் அவவுக்கு என்ன முறை?”

அன்னலட்சுமி கொஞ்சம் யோசித்தார். “கிட்டின சொந்தம்.”

“இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ.” பக்கத்துக் கதிரையைத் தன் துவாயால் துடைத்துவிட்டார். “நல்ல மனுசி. ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கேல்லை. என்னைப் பாத்துப் பாத்துத்தான் போனவ.”

அவர் அழுதார். அன்னலட்சுமி அந்தக் கதிரையில் இருந்து, கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். ஆறு வருடத்தில் இன்னொருவர் ஊற்றிக் கொடுத்த முதல் தேத்தண்ணி. சீனி கூடிவிட்டது.

மரணாதார சங்கம் மனச்சாட்சி இல்லாத சங்கம் அல்ல. அந்தச் சனிக்கிழமையே அவசரக் கூட்டம் கூடியது. முப்பத்து மூன்றாவது விதியாக ‘உயிரோடிருப்போர் உபகுழு’ ஒன்று ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது. செவ்வாய்தோறும் ஒரு வீட்டார் அன்னலட்சுமிக்கு அரைநாள் கொடுப்பார்கள். பெயர்ப்பட்டியல் வட்ஸ்அப்பில் போடப்பட்டது. நாற்பத்தொரு பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள்.

முதல் செவ்வாய் பூரணம் வந்தார், விரல் நோவோடு. அன்னலட்சுமி அந்த அரைநாளில் நித்திரை கொண்டார். வேறொன்றும் செய்யவில்லை. இரண்டாம் செவ்வாய் கதிரவேல் வந்தார். ஞானசேகரம் அவரை ஒரே கேள்வியைப் பதினெட்டுத் தரம் கேட்டார். நாற்பதாவது நிமிடத்தில் அடுத்த ஒழுங்கையில் ஒரு சாவு என்று தொலைபேசி வந்தது. கதிரவேல் பாய்ந்து எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. “கடமை அக்கா, என்ன செய்யிறது,” என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

மூன்றாம் செவ்வாய்க்கு முதல்நாள் ஆசுபத்திரியில் இருந்து அழைத்தார்கள். முடிவு வந்திருக்கிறதாம்.

“நாளைக்கு வரேக்க துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா.”

“ஏன் பிள்ளை?”

“டொக்டர் அப்பிடித்தான் சொன்னவர்.”

எல்லோருக்கும் இப்படிச் சொல்வார்களா என்று கேட்க நினைத்தார். பட்டியலில் அடுத்து யார் என்று பார்க்கக் கைத்தொலைபேசியைத் திறந்தார். பட்டியல் காலை வணக்கப் படங்களுக்கும் இரண்டு மரண அறிவித்தல்களுக்கும் அடியில் எங்கோ போயிருந்தது. தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். அந்த வீட்டார் திருவிழாவுக்கு வெருகலுக்குப் போயிருந்தார்கள். கதிரவேலின் தொலைபேசி எடுபடவில்லை.

செவ்வாய் காலை அன்னலட்சுமி தாலிக்கொடியைக் கழற்றித் திறப்போடு மேசையில் வைத்தார். அன்று யாரும் கழற்றச் சொல்லவில்லை. நல்ல சேலையைக் கட்டிலில் விரித்தார். அலுமாரியைத் திறந்து, மணியைக் கண்ணில் படும்படி சேலைகளின் மேல் வைத்தார். கிணற்றடிக்குப் போய், தண்ணீர் அள்ளாமல், வாளிக்குப் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தார். தன் சாவுச் செய்திக்கு இவ்வளவு ஆவலாகக் காத்திருந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

சேட்டுப் போடும் சத்தம் கேட்டது. அறை வாசலில் காலடி நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு காலடி கிணற்றடிக்கு வந்தது.

ஞானசேகரம் தாலிக்கொடியை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்திருந்தார்.

“பிள்ளை, ஆரோ இதை மறந்துபோய் விட்டிட்டுப் போட்டினம். பாவம், தேடுவினம். குடுத்துவிடுங்கோ.”

மூன்று கிழமைக்கு முன் மிச்சமிருந்ததும் போய்விட்டிருந்தது. அன்னலட்சுமி அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

ஜெமீல் வந்து ஹோர்ன் அடித்தார். அன்னலட்சுமி சேலையைக் கட்டினார். கணவரின் சேட்டில் பிழையாகப் பூட்டியிருந்த தெறியை மாற்றிப் பூட்டி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருந்தால் ஓடமாட்டார் என்ற எண்ணத்தில் மணியைக் கையில் கொடுத்தார்.

“கந்தோருக்குப் போறமோ?”

“ஓம். வாங்கோ.”

ஓட்டோவில் ஏற்றியபின் தன் சேலைத் தலைப்பை அவருடைய மணிக்கட்டில் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டார். ஜெமீல் கண்ணாடியில் பார்த்தார்.

“ஐயாவையுமா அம்மா? அண்டைக்குச் சொன்னீங்களே, அவரைக் கூட்டிட்டுப் போக ஏலாதெண்டு.”

“துணைக்கு ஒரு ஆளோட வரச் சொன்னவை,” என்றார் அன்னலட்சுமி.

ஓட்டோ குலுங்கக் குலுங்க மணி தானாகவே அடிக்கத் தொடங்கியது. ஒழுங்கையின் இருபுறமும் கதவுகள் திறந்தன. ஆட்கள் படலைக்கு ஓடிவந்தார்கள். பூரணமும் வந்தார். இரண்டு பேரும் உயிரோடு இருப்பதைக் கண்டதும், அப்பாடா என்று எல்லோரும் திரும்ப உள்ளே போனார்கள்.